தோடி கேட்கச் சான்றிதழ் வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை ஒரு நாதஸ்வர வீடியோ பகிர்ந்தேன். அதற்குப் பிறகு இன்பொக்ஸில் இரண்டு விதமான கேள்விகள். எங்கள் ஆட்கள் சிலர்: "மாஸ்டர், இது கோயில் மேளமெல்லோ, உங்களுக்கு என்னத்துக்கு?" வட்டுக்கோட்டைப் பெரியவர் ஒருவர்: "சங்கீதம் படிக்காத நீங்கள் தோடியை எப்பிடி ரசிக்கிறியள்?" எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. இது உனக்குரியது இல்லை, தள்ளிப் போ என்பதுதான் இரண்டிலும் இருப்பது.

அது தோடி என்பதே எனக்குத் தற்செயலாகத்தான் தெரியும். ஒரு பின்னேரம் பள்ளிக்கூட மேலதிக வகுப்பு முடிந்து வரும்போது சங்கரத்தைப் பக்கம் சாமி வீதி உலா வந்துகொண்டிருந்தது. வழி இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்றேன். ஐந்து நிமிடம் என்று நினைத்தது அரை மணித்தியாலம் ஆனது. நாதஸ்வரம் மண்டபத்துக்குள் வைத்து வாசிக்கப் பிறந்த வாத்தியம் இல்லை. தெருவுக்குப் பிறந்தது. தெருவில் நிற்கிற எவனுக்கும் கேட்கவேண்டும் என்றுதான் அதற்கு அந்தத் தொண்டை.

பிறகு தேத்தண்ணிக் கடையில் அந்த வித்துவானைக் கண்டேன். "ஐயா, கடைசியா வாசிச்சது என்ன ராகம்?" என்று கேட்டேன். "தோடி, சேர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கனகாலத்துக்குப் பிறகு ஒராள் கேட்டிருக்கிறியள்" என்றார். அவர் தோடியை முடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாதியில் யாரோ ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அவர் வாத்தியத்தை இறக்கிக்கொண்டு பேசாமல் நடந்தார். (எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் சத்தத்தைப் பற்றியும் எனக்குக் கதைக்க இருக்கிறது. அது வேறு பதிவு.)

மார்க்க விசயத்துக்கு வருகிறேன். இசை பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் இசை கேட்பதன் ஒழுங்கு பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். கூடாது என்று முழுதாக விலகி நிற்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தன் மகளின் கலியாண வீட்டில் விடிய விடிய சினிமாப் பாட்டுப் போட்டவர், நாதஸ்வரத்துக்கு மட்டும் ஃபத்வாவோடு வரவேண்டாம்.

ஷேக் சின்ன மௌலானாவைத் தெரியுமா? 1924இல் ஆந்திராவில் பிறந்த முஸ்லிம். நாச்சியார்கோவில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் நாதஸ்வரம் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி ஆனவர். அவரிடம் யாரும் "உங்களுக்கு என்னத்துக்கு" என்று கேட்டிருந்தால் நட்டம் யாருக்கு?

அவ்வளவு தூரம் ஏன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கு ஒரு வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு வாப்பா சொல்லுவார், பொடியனாக இருக்கும்போது தெட்சணாமூர்த்தியின் தவில் கேட்க இரவிரவாகச் சைக்கிள் மிதித்த கதையை. தெட்சணாமூர்த்தி 1975இல், நாற்பத்திரண்டு வயது ஆகுமுன்பே காலமானார். வாப்பாவின் விரல் அதற்குப் பிறகும் பல வருசம் சாப்பாட்டுக் கோப்பையில் அவருடைய சொற்கட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. வாப்பாவுக்கு ஆதி தாளம் எது, ரூபகம் எது என்று தெரியாது.

இனி அந்தப் பெரியவருக்கு. ஐயா, படித்தவர்கள் கேட்கிறார்களா? என் வகுப்பில் சங்கீதம் எடுக்கிற பிள்ளைகள் பதினொரு பேர். இந்தக் கிழமை பாடத்துக்கு இல்லாமல் சும்மா ஒரு கச்சேரி கேட்டவர் யார் என்று கேட்டேன். ஒரு கைகூட எழும்பவில்லை. "ஓ.எல். முடிஞ்சாக் காணும் சேர்" என்றாள் ஒரு பிள்ளை. அவளில் பிழை இல்லை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் எத்தனையாம் தரம் என்று கேட்கிற பெற்றோர், என்ன ராகம் பிடிக்கும் என்று கேட்பதில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் மேளகர்த்தா எழுபத்திரண்டு என்று மனப்பாடம் செய்யவைக்கிறோம், ஒன்றைக்கூடக் கேட்க விடுவதில்லை. நான் கலாசாலையில் இருந்த காலத்தில் பக்கத்து மண்டபத்தில் விடியக் காலமை சங்கீதப் பிரிவின் சாதகம் கேட்கும். சோதனை முடிந்த அன்றோடு அதுவும் நின்றது.

நான் செய்வது சின்ன விசயம். ஒரு கிழமைக்கு ஒரு ராகம். இரவு கோப்பை கழுவும்போது போனில் போட்டுவிடுவேன். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பிறகு அதே தோடி வேறொருவர் குரலில். 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டு ரீதிகௌளை என்று அறிந்த பிறகு அந்த ராகத்தைக் கச்சேரியில் தேடிப் போனேன். மூன்றாம் நாள் ராகம் தெரிந்த ஆளின் முகம்போல ஆகிவிடும். பெயர் பிறகு வரட்டும். என் மனைவி இப்போது என்னைவிட முந்திக் கண்டுபிடிக்கிறா.

அடுத்த திருவிழாக் காலம் வருகிறது. மேளம் வாசிக்கிற நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிப் பரிபாலன சபையிடம் கேட்கவேண்டும். நான் போய்க் கேட்டால் கதை வேறு மாதிரிப் போகும், அது உங்களுக்கும் தெரியும். ஆகவே இந்தப் பதிவை வாசிக்கிற கோயில் பக்கத்துப் பெற்றோரே, நீங்கள் கேளுங்கள். கேட்பவர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். அன்றைக்கு நான் அதே வேலியோரம் நிற்பேன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.