கத்திரி வெயிலில் கம்பளிக் குல்லா எதுக்கு?



கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள், பிறக்கப் போகிறவர்கள், முக்கியமாக நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் பொறுமையாகப் படிக்கணும்.

கடலூர், சிதம்பரம் பக்கம் ஏதாவது ஒரு குழந்தைகள் ஓபி வாசலில் மே மாதம் போய் நின்னு பாருங்க. வெளியே 38, 39 டிகிரி கொளுத்தும். அம்மா முந்தானையால் விசிறிக்கிட்டு இருப்பாங்க. அப்பாவுக்கு சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். மடியில் கிடக்கும் பத்து நாள் குழந்தைக்கு மட்டும் மார்கழி மாசம்! ஸ்வெட்டர், கையுறை, காலுறை, சுற்றிலும் டர்க்கி டவல், தலையில் கம்பளிக் குல்லா. அதுவும் சாதாரணக் குல்லா இல்லை. ஆரஞ்சு, பச்சை, ஊதான்னு பட்டை பட்டையா, குமிழ் குமிழா புடைச்சு நிற்கிற பின்னல், உச்சியில் ஒரு குஞ்சம். பாட்டி மூணு மாசம் உட்கார்ந்து பின்னியது. பார்க்க அத்தனை அழகு.

அதைக் கழற்றச் சொன்னால் டாக்டருக்கு ஈவு இரக்கம் இல்லைன்னு ஒரு பார்வை வரும். பரவாயில்லை. என் கருத்தை நேராகவே சொல்லிடறேன். அந்தக் குல்லாவைப் பின்னுவது நல்ல காரியம். நம்ம ஊர் வெயிலில், நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு அதை நாள் முழுக்க மாட்டி வைப்பது தப்பு.

ஏன் தலையைப் பற்றி இவ்வளவு பேச்சு? பெரியவர்களுக்கு உடம்பின் மொத்தப் பரப்பில் தலை சுமார் பத்தில் ஒரு பங்குதான். பச்சிளங்குழந்தைக்கோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அதனால் குளிரில் தலை வழியாக நிறைய சூடு இழக்கும். "தலையை மூடு" என்று பாட்டி சொல்வதில் இவ்வளவு தூரம் உண்மை இருக்கு. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. உடம்பு சூடாகும்போது அந்தச் சூடு வெளியேற வேண்டிய பெரிய ஜன்னலும் தலைதான். அதில் கம்பளியைப் போட்டு அடைத்தால்? பச்சிளங்குழந்தைக்கு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் குறைவு. குறைமாதக் குழந்தைக்கு அதுவும் கிடையாது. "வியர்க்கலையே டாக்டர், அப்புறம் எப்படி சூடு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

விளைவு என்ன தெரியுமா? அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 38 காட்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி என்றால் எந்தக் குழந்தை மருத்துவரும் "போர்த்தினதால இருக்கும்"னு அனுப்பிவிட மாட்டார். அனுப்பவும் கூடாது. கிருமித் தொற்றா என்று பார்த்தே ஆகணும். அட்மிஷன், ரத்தப் பரிசோதனை, சில நேரம் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பது, ஊசி மருந்து. தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். இத்தனையும் சில குழந்தைகளுக்கு ஒரு குல்லாவாலும் ஒரு டவலாலும் வருகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

(ஒன்றை அழுத்திச் சொல்றேன். காய்ச்சல் இருந்தால் துணியைத் தளர்த்துங்க, ஆனா "துணியாலதான்"னு நீங்களே முடிவு பண்ணி வீட்டில் உட்காராதீங்க. பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.)

இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பு 2022ல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு அறிவுரையில், பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குத் தொப்பி போட வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அதிகச் சூடு, தூக்கத்தில் ஏற்படும் திடீர் மரணத்தோடு தொடர்புடையது என்பதுதான் காரணம். பனி கொட்டும் நாட்டுக்காரனே வீட்டுக்குள்ள வேண்டாங்கிறான். நாம புவனகிரியில ஃபேன் கூட போடாம மூடி வைக்கிறோம்.

"உச்சிக்குழியில காத்து பட்டா சளி பிடிச்சுக்கும்" என்பார்கள். சளி வைரஸால் வருவது. குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர் மூக்கை உறிஞ்சிக்கிட்டே கன்னத்தில் முத்தம் கொடுப்பாரே, அவர் வழியாக வருவது. அவரை நிறுத்துங்க, உச்சிக்குழி தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

அப்போ குல்லா யாருக்கு வேணும்? இங்கேதான் நான் பாட்டி கட்சி.

பிறந்து ஈரம் துடைத்த உடனே எல்லாக் குழந்தைக்கும். குறைமாதம், எடை குறைவு என்றால் கட்டாயம். நடுராத்திரி, மழை நேரத்தில், பரங்கிப்பேட்டையிலிருந்தோ கிள்ளையிலிருந்தோ சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்போது கட்டாயம். ஒன்றரைக் கிலோ குழந்தை குளிர்ந்து போனால் சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும், உயிருக்கே ஆபத்து. வெயிலூர் என்பதால் குளிரால் குழந்தை சாகாது என்று நினைப்பது பெரிய ஏமாற்று.

அதற்கும் முதல் மருந்து குல்லா இல்லை, அம்மா நெஞ்சு. கங்காரு தாய் பராமரிப்பு. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. குழந்தைக்கு ஒரு டயப்பர், ஒரு குல்லா, காலுறை. மற்றபடி வெறும் உடம்பாக அம்மாவின் மார்போடு மார்பாக. 2021ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி வைத்தபோது, முதல் 28 நாளில் நூற்றுக்குச் சுமார் 16ஆக இருந்த இறப்பு 12ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், முடிந்த வரை பிறந்த உடனேயே தொடங்கு, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வை என்று சொன்னது. அப்பாவும் வைக்கலாம், பாட்டியும் வைக்கலாம். வெட்கப்படற அப்பாக்கள் கவனிக்க.

சரி, குல்லாவுக்கு வருவோம். பின்னுகிறவர்களுக்கு சில வார்த்தை.

கடையில் "உல்லன்"னு கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமம் இல்லை, செயற்கை இழை. வியர்வையை உறிஞ்சாது. குழந்தைக்குப் பருத்தி நூல் வாங்குங்க. தலை மேல் தையல் கோடு அழுத்தாமல் இருக்க வட்டமாகவே பின்னுங்க. தட்டையாகப் பின்னி ஓரத்தைத் தைப்பதை விட இதுவே மேல். வட்டத்தில் போனால் நிட் மட்டும் போட்டுக்கிட்டே போகலாம், திரும்பி வந்து பர்ல் போடுற வேலையும் மிச்சம். நம்ம திருப்பூர் பனியன் துணி வேற என்ன? வட்ட மெஷினில் குழாயாகப் பின்னி வருவதுதானே. கை ஊசி பிடிக்கத் தெரியாதவர்கள் ஒரு பழைய பருத்தி பனியனில் வெட்டித் தைத்த குல்லாவே போதும், நம்ம ஊருக்கு ரொம்பப் பொருத்தம்.

நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 34 செ.மீ. பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் குல்லா 30 செ.மீ. இருந்தால் சரி. உங்க கைக்கு 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தால் மொத்தம் 60 கண்ணி. (கடற்கரையில வலைக்குச் சொல்ற அதே கண்ணிதான்.) வட்டத்தைச் சேர்க்கும் முன் முதல் வரிசை முறுக்கிக்கொண்டிருக்கா பாருங்க. முறுக்கோடு சேர்ந்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. 40 செ.மீ. வட்ட ஊசி இதுக்குப் பெரிசு, நாலைந்து இருமுனை ஊசிகளில் பிரித்துப் போடுங்க. உச்சிக்கு வந்ததும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, சம இடைவெளியில் ஆறு இடத்தில் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துக் குறையுங்க. ஆறு கண்ணி மிஞ்சும்போது நூலை உள்ளே விட்டு இழுத்துக் கட்டிடலாம்.

நிறம் எத்தனை வேணாலும் போடுங்க, ஆனால் பட்டை பட்டையாக. ஒரே வரிசையில் இரண்டு நிறம் மாற்றினால் உள்பக்கம் நூல் தொங்கலாக ஓடும், அதில் பிஞ்சு விரல் மாட்டும். குமிழ் வேண்டாம். மல்லாந்து தூங்கும் குழந்தைக்குப் பின்மண்டையில் உறுத்தும். பொத்தான், குஞ்சம், தாடையில் கட்டும் கயிறு எதுவும் வேண்டாம். போடும் முன் ஒருமுறை அலசி, சாயம் போகுதா பாருங்க.

போட்ட பிறகு எப்படித் தெரிஞ்சுக்கறது? புறங்கையால் வயிற்றைத் தொடுங்க, அப்புறம் பாதத்தை. இரண்டும் இதமாக இருந்தால் சரி. வயிறு இதம், பாதம் சில்லுன்னா குழந்தைக்குக் குளிருது, நெஞ்சோடு அணைச்சுப் போர்த்துங்க. இரண்டுமே சில்லுன்னா அணைச்சபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நெஞ்சும் முதுகும் கொதிக்குதா? முதலில் கழற்ற வேண்டியது குல்லாவைத்தான்.

இவ்வளவும் கேட்டு அந்தக் குமிழ்ப் பின்னலை வீணாக்கணுமேன்னு கவலைப்படாதீங்க. மார்கழித் திருவாதிரைக்கு விடியற்காலையில் சிதம்பரத்தில் தரிசனத்துக்கு நிற்கப் போறவங்க நீங்கதானே? உங்க தலைக்கே பின்னுங்க. 96 கண்ணி, எட்டு இடத்தில் குறைக்கணும், இதுக்கு 40 செ.மீ. வட்ட ஊசி கச்சிதம். ஆரஞ்சு, ஊதா, குமிழ், குஞ்சம் எல்லாம் தாராளமா போடுங்க. பெரியவங்களுக்குத் தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகுதுங்கிற கதையை மட்டும் நம்பாதீங்க, மற்ற தோல் வழியாகப் போற அளவுதான் அங்கேயும் போகும்.

அடுத்த இழை குழந்தைக்குப் போடும் சாம்பிராணிப் புகை பற்றி. அதுக்கும் பாட்டிமார்களிடம் திட்டு விழும்னு தெரியும்.