வலிக்குப் படுக்கை கேட்கும் காப்பீடு



பல்லடம் வட்டார விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு வலி தொழிலோடு சேர்ந்தே வருகிறது. தறி ஓட்டுபவர் ஷிப்ட் முழுவதும் நின்றபடி தறிக்குத் தறி நடக்கிறார். பாவு இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போடுகிறார். ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததும் நாடாவை மாற்றுகிறார். பவர் டேபிளில் தைப்பவர் குனிந்த தலை நிமிராமல், ஒரு காலை மிதியிலேயே வைத்துப் பீஸ் கணக்கை முடிக்கிறார். அயர்ன் மேசையில் நிற்பவரின் வலது தோள் ஓய்வதே இல்லை.

இத்தகைய வலிக்கு பிசியோதெரபியும், சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் தொக்கணம் (உடலைப் பிடித்துவிடும் மசாஜ் முறை), ஒற்றடம், எண்ணெய்ச் சிகிச்சை போன்றவையும் வழக்கமாக எழுதித் தரப்படுகின்றன. சித்த மருத்துவம் வகுத்த 32 புறமருந்துகளுள் தொக்கணமும் ஒன்று. நோயாளி நடந்து வந்து, சிட்டிங் முடிந்ததும் நடந்தே வீடு திரும்பும் சிகிச்சை இது. மருத்துவக் காப்பீடு இந்தச் சிகிச்சைக்குத்தான் பணம் தர மறுக்கிறது.

மறுப்பின் வேர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. பொதுவான பாலிசிகளில், நோயாளி தொடர்ந்து 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் செலவு கிடைக்கும். 'டே கேர்' என்ற விலக்கு, மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடிக்கும் சிகிச்சைக்கானது. பிசியோதெரபியும் தொக்கணமும் அதில் அடங்கா. 2020 ஏப்ரலில் வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்னும் பொதுப் பாலிசி, சித்தா, ஆயுர்வேதம் உள்ளிட்ட ஆயுஷ் சிகிச்சையைக் காப்பீட்டுத் தொகை முழுவதற்கும் ஏற்கிறது. ஆனால் உள்நோயாளிக்கு மட்டும். தனியார் ஆயுஷ் மருத்துவமனை என்றால் குறைந்தது 5 படுக்கைகள், எந்நேரமும் பொறுப்பில் தகுதிபெற்ற மருத்துவர், தனிச் சிகிச்சைப் பிரிவு, அன்றாடப் பதிவேடு ஆகியவையும் வேண்டும். ஆயுஷுக்கு மற்ற மருத்துவத்துக்கு நிகரான இடம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரி 31 அன்று சுற்றறிக்கை விட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பெயரளவில் சமம் வந்தது. படுக்கை நிபந்தனை அப்படியே நிற்கிறது.

இதனால் நோயாளிக்கு மத்தளம்போல் இருபுறமும் இடி. வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றால், பாலிசியில் அதற்கு இடமில்லை என்று பில் திரும்புகிறது. பில் தேற வேண்டுமே என்று படுக்கையில் சேர்ந்தால், "வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம், சேர்க்கை அவசியமில்லை" என்று கேள்வி வருகிறது. போதாக்குறைக்கு, சேர்ந்த நாட்களுக்கு அறை வாடகை ஏறுகிறது, கூலியும் போகிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பிசியோதெரபியின் நிலை வேறு. ஆரோக்கிய சஞ்சீவனியில் வீடு திரும்பிய பின் 60 நாள் வரையான தொடர்சிகிச்சைச் செலவைக் கோரலாம். கத்தி வைத்த பிறகு செல்லுபடியாகும் சிகிச்சை, கத்தியைத் தவிர்க்கச் செய்தால் செல்லாது என்பதில் மருத்துவ நியாயமும் இல்லை, கணக்கு நியாயமும் இல்லை.

அழகு நிலையப் பில்லும் ஸ்பா பில்லும் மருத்துவம் என்ற பெயரில் வரும் என்ற அச்சத்தைக் காப்பீட்டுத் தரப்பு சொல்லலாம். அவற்றை விலக்க, 'நீர்ச்சிகிச்சை நிலையங்கள், இயற்கை மருத்துவ நிலையங்கள், ஸ்பாக்கள்' என்று தனி விலக்குப் பிரிவே பாலிசிகளில் இருக்கிறது. மருத்துவச் சிகிச்சையைப் பிரித்தறிய பில் முறையே போதும்: பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு, நோயின் பெயர், சிட்டிங் எண்ணிக்கை, ஒவ்வொரு நாளும் சிகிச்சை பெற்ற உடற்பகுதியும் நேரமும், சிகிச்சை அளித்தவரின் கையொப்பம். ஜெர்மனியின் சட்டபூர்வக் காப்பீடு, மருத்துவர் சீட்டு எழுதினால் மசாஜ் சிகிச்சைக்கும் பணம் தருகிறது. நோயாளி 10 சதவீதத்தையும் சீட்டுக்கு 10 யூரோவையும் ஏற்கிறார். படுக்கை இல்லாமலேயே முறைகேட்டைக் கட்டுப்படுத்த வழி உண்டு.

படுக்கையில் சேராமல் சிகிச்சை பெறுவது தமிழ்நாட்டிலும் புதிதல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யிலும் வெளிநோயாளிச் சிகிச்சை உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கும் மட்டுமே. இந்தச் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் வைக்கப்பட்டது. நாலைந்து பேர் வேலை செய்யும் கூலித் தறிக் கூடங்கள் இதற்கு வெளியே நிற்கின்றன. உள்ளே இருப்பவரிடம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். ஆனாலும் பல நாள் தொடர வேண்டிய சிகிச்சைக்குப் பல்லடத்திலிருந்து திருப்பூருக்கோ கோவைக்கோ போய்வர வேண்டியிருந்தால், அந்த நாட்களின் கூலி போய்விடுகிறது.

எனவே மூன்று மாற்றங்கள் உடனே தேவை. ஒன்று, மருத்துவர் எழுதித் தரும் பிசியோதெரபி, புறமருத்துவ சிட்டிங்குகளை, ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்போடு, 24 மணி நேர நிபந்தனையின்றி எல்லாப் பாலிசிகளிலும் சேர்க்க ஆணையம் உத்தரவிட வேண்டும். அதற்கான ஒரே மாதிரி பில் படிவத்தையும் கட்டண அட்டவணையையும் தமிழிலும் வெளியிட வேண்டும். இரண்டு, இ.எஸ்.ஐ. உச்சவரம்பை உயர்த்தி, பல்லடம் போன்ற தொழில் ஊர்களின் மருந்தகங்களில் ஷிப்ட் முடிந்த பின் மாலையிலும் பிசியோதெரபி நடத்த வேண்டும். மூன்று, சிறு விசைத்தறிக் கூடத் தொழிலாளர்களையும் இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவர மத்திய, மாநில அரசுகள் சட்ட வழி காண வேண்டும்.

வாசகர் ஒருவர்,
பல்லடம்