எண்ணெய் இங்கே! படிப்பு எங்கே?

புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒரே இடத்தில் இல்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்று நான்கு இடங்களில் இருக்கிறது. இவை 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தன. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி அது சட்டப்படி உறுதியானது.

இந்த நான்கில் இரண்டு ஊர்கள் எண்ணெய் பூமியில் இருக்கின்றன. காரைக்கால் காவிரிப் படுகையில் இருக்கிறது. ஏனாம் கோதாவரிப் படுகையில் இருக்கிறது. இரண்டு படுகைகளிலும் பூமிக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கின்றன.

எண்ணெய் எடுக்க நிபுணர்கள் வேண்டும். அந்த நிபுணர்களைப் புதுச்சேரியே தயார் செய்ய முடியுமா? செய்யத்தான் வேண்டுமா? பிளஸ்-2 படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் யோசித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

காவிரியில் எண்ணெய்

எண்ணெய் தேடுவதற்காக மத்திய அரசு 1956-ஆம் ஆண்டு ஓ.என்.ஜி.சி.யை அமைத்தது. 1964-ஆம் ஆண்டு காவிரிப் படுகையில் ஆழமான ஆய்வுக் கிணறு தோண்டும் வேலை தொடங்கியது. 1980-களில் நரிமணம் பகுதியில் எண்ணெய் கிடைத்தது. 1993-ஆம் ஆண்டு நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அந்த இடத்தில் பெரிய ஆலை கட்டும் திட்டத்துக்கு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

காவிரிப் படுகை வேலைகளைக் கவனிக்கும் ஓ.என்.ஜி.சி. அலுவலகம் எங்கே இருக்கிறது? காரைக்காலை அடுத்த நிரவியில்தான்! எண்ணெய்த் தொழில் புதுச்சேரி மக்களுக்கு எங்கோ இருக்கும் தொழில் அல்ல.

பஞ்சில் தண்ணீர் போல

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது போல, பாறையின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கிறது.

அது எந்தப் பாறையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர் மண்ணியல் நிபுணர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் அலையைப் படிப்பவர் இன்னொருவர். துளை போடுபவர் வேறு. துளைக்குள் செலுத்தும் சேற்றைப் பக்குவமாகக் கலப்பவர் வேறு.

சேறு எதற்கு? பூமிக்குள் இருக்கும் எரிவாயு பெரும் அழுத்தத்துடன் மேலே வரத் துடிக்கும். கனமான சேறு அதை அமுக்கி வைக்கும். சேற்றின் எடை குறைந்தால் ஆபத்து! கிணறு சீறிக்கொண்டு வெளியே வந்துவிடும். எடை மிகவும் கூடினால் பாறை வெடித்துவிடும். இது கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. படித்துக் கணக்குப் போட்டுச் செய்யும் வேலை.

65 நாள் எரிந்த தீ

கிணற்றின் அழுத்தம் கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஏனாமுக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பகுதியில் பாசர்லபூடி என்ற ஊர் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே ஓர் எரிவாயுக் கிணறு கட்டுக்கு அடங்காமல் தீப்பிடித்தது. ஏறக்குறைய 65 நாள் எரிந்தது. வெளிநாட்டு நிபுணர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று.

2020-ஆம் ஆண்டு அசாமில் பாக்ஜான் என்ற இடத்தில் இதே போல் நடந்தது. மே மாதம் சீறிய கிணறு ஜூனில் தீப்பிடித்தது. நவம்பரில்தான் முழுவதும் அடங்கியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிர் இழந்தனர்.

காவிரிக் கரையிலும் மக்களுக்குக் கவலை உண்டு. 2017-ஆம் ஆண்டு கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. பெரிய போராட்டம் மூண்டது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

இது போன்ற நேரத்தில், வயலில் நிற்கும் விவசாயிக்கு உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்லக்கூடிய நிபுணர் வேண்டும். அவர் அந்த மண்ணின் பிள்ளையாகவும் இருந்தால், ஊரின் அச்சத்தையும் புரிந்துகொள்வார்.

எங்கே படிக்கிறார்கள்?

எண்ணெய்ப் படிப்புக்குப் பேர்போன இடங்கள் வெகு தொலைவில் இருக்கின்றன. ஜார்க்கண்டில் உள்ள தன்பாத் சுரங்கக் கல்லூரி 1926-ஆம் ஆண்டு தொடங்கியது. 1957-ஆம் ஆண்டு அங்கே பெட்ரோலியப் படிப்பு வந்தது. இப்போது அது ஐ.ஐ.டி. உத்தரப் பிரதேசத்தில் ஜெயிஸ் என்ற ஊரில் ராஜீவ் காந்தி பெட்ரோலியக் கல்வி நிலையம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் 2016-ஆம் ஆண்டு இன்னொன்று வந்தது. இவற்றில் இடம் பிடிக்க அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

எண்ணெய் எடுக்கும் ஊரிலேயே படிப்பையும் வைத்த நாடு உண்டு. அஜர்பைஜான் நாட்டின் பாகு நகரம், 1900-ஆம் ஆண்டை ஒட்டி உலக எண்ணெயில் ஏறக்குறையப் பாதியைக் கொடுத்தது. 1920-ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய தொழிற்கல்லூரி, இன்று எண்ணெய்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது.

புதுச்சேரியில் என்ன இருக்கிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பிள்ளைச்சாவடியில் 1984-ஆம் ஆண்டு பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு அது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே மெக்கானிக்கல் உண்டு, கெமிக்கல் உண்டு, கருவியியல் உண்டு. எண்ணெய்த் தொழிலுக்கு இவை மூன்றும் அடிப்படை.

அதன் பக்கத்திலேயே, காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மண்ணியல் கற்றுத் தருகிறார்கள். காரைக்காலில் 2010-ஆம் ஆண்டு முதல் என்.ஐ.டி. இருக்கிறது.

ஆக, அரிசி ஒரு வீட்டில், பருப்பு ஒரு வீட்டில், அடுப்பு ஒரு வீட்டில் இருக்கிறது. சேர்த்துச் சமைக்க ஆள் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு

எண்ணெய் வேலை நிரந்தரம் என்று நம்பிவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டு கச்சா எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகம் எங்கும் இந்தத் தொழிலில் இருந்த ஏராளமானோர் வேலை இழந்தார்கள். எண்ணெய் ஒன்றையே படித்தவர்கள் திண்டாடினார்கள்.

டெல்டாவின் நிலைமையும் மாறிவிட்டது. 2020-ஆம் ஆண்டு தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்தது. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டத் தடை வந்தது. காரைக்கால் வேறு ஆட்சிப் பகுதி. அந்தச் சட்டம் அங்கே செல்லாது. ஆனால் சுற்றிலும் உள்ள வயல் ஒன்றுதான். தண்ணீரும் ஒன்றுதான்.

அப்படியானால் நிபுணரே வேண்டாமா? வேண்டும். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. எண்ணெய் உடனே மறைந்துவிடாது. ஏற்கனவே தோண்டிய கிணறுகளை ஆபத்து இல்லாமல் நடத்த வேண்டும். பழைய குழாய்களைச் சோதிக்க வேண்டும். வற்றிய கிணறுகளைச் சிமெண்டு போட்டு ஒழுங்காக மூட வேண்டும். கசிந்த மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். கிணறு தோண்டுவது நின்றாலும் இந்த வேலைகள் நிற்காது.

என்ன செய்யலாம்?

புதுச்சேரிக்குத் தனி எண்ணெய்க் கல்லூரி தேவை இல்லை. இருக்கும் மூன்று கல்வி நிலையங்களும் கைகோத்தால் போதும். கெமிக்கல், மெக்கானிக்கல் படிக்கும் மாணவர்களுக்கு மண்ணியலும், கிணற்றுப் பாதுகாப்பும், கசிவு தடுப்பும் சேர்த்துச் சொல்லித் தரலாம். நிரவியில் நேரடிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். எண்ணெய் விலை விழுந்தாலும் அப்படிப் படித்த பிள்ளைக்கு உர ஆலையும் மருந்து ஆலையும் கதவு திறக்கும்.

பெற்றோரும் இதைக் கவனிக்கலாம். எண்ணெய்ப் படிப்பு என்ற பெயரைப் பார்த்து மட்டும் பணம் கட்ட வேண்டாம். முதலில் அகலமான பட்டம். பிறகு எண்ணெயில் மேற்படிப்பு. அதுவே பிள்ளைக்குப் பாதுகாப்பு.

காரைக்கால் எண்ணெய் ஒரு நாள் தீர்ந்து போகும். அதன்பின் அந்தக் கிணறுகளை மூடி, நிலத்தை விவசாயியிடம் நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளை இப்போதே படிக்க வைக்க வேண்டும்.