ஒற்றும் அமானிதமும்

ஒற்றர் கதை என்றவுடன் துப்பாக்கியும் துரத்தலும் நினைவுக்கு வருதல் இயல்பு. அக்கதைகளில் தீயவன் யார் என்பது முதற் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். அறச்சிக்கலுக்கு அங்கு இடமில்லை. குரலை உயர்த்தாது மனச்சான்றை உறுத்தும் ஒற்றர் புதினங்களும் சில உள. ஆங்கில எழுத்தாளர் ஜான் லெ காரே 2008-இல் வெளியிட்ட 'எ மோஸ்ட் வான்டட் மேன்' அத்தகையது. 2014-இல் அது திரைப்படமாகவும் வந்தது. லெ காரே தம் இளமையில் பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றியவர். அப்பணியின் சலிப்பையும் சிறுமையையும் உள்ளிருந்து கண்டவர்.

கதைக்களம் ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்க். 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவைத் தாக்கிய முகமது அத்தாவும் அவன் கூட்டாளிகள் சிலரும் அந்நகரில் மாணவராய் வாழ்ந்தவர்கள். கண்ணெதிரே இருந்தோரைக் காணத் தவறினோமே என்னும் குற்றவுணர்வு அந்நகரத்து ஒற்றர்களை வாட்டுகிறது. ஏறத்தாழ 3,000 உயிர்கள் மாண்ட கொடுமை அது. அதனை மறைத்துவிட்டு ஒற்றர்களை மட்டும் பழிப்பது நேர்மையாகாது.

செச்சினியத் தாய்க்கும் ரஷ்யத் தந்தைக்கும் பிறந்த ஈசா என்னும் இளைஞன் உரிய ஆவணமின்றி அந்நகரை அடைகிறான். தந்தை தீய வழியில் சேர்த்த பெரும்பணம் ஒரு தனியார் வங்கியில் அவனுக்காகக் காத்திருக்கிறது. ஹராமான அச்செல்வத்தைத் துய்க்க மனம் ஒப்பாது, அறப்பணிக்கே வழங்க விழைகிறான். அப்பணத்தை முறையாகப் பகிர்ந்தளிக்கத் தக்கவர் என அடையாளம் காட்டப்படுபவர் டாக்டர் அப்துல்லாஹ். மார்க்க அறிஞர், கொடையாளர். அவர் திரட்டும் நிதியில் ஒரு சிறு பகுதி மட்டும் வன்முறையாளர் கைக்குப் போகிறது என்பது ஒற்றர்களின் ஐயம். ஒற்றர் தலைவன் பாக்மன் ஈசாவின் கொடையையே தூண்டிலாக்குகிறான். அறிஞரைத் தன்பக்கம் திருப்பி, அவர் வழியாக மேலிருப்போரை அறிவதே அவன் திட்டம். திரைப்படத்தில் அந்த ஐயம் மெய்யென்றே தெரியவருகிறது. ஆயினும் மேலதிகாரிகளும் அமெரிக்கரும் வாக்கை மீறி இருவரையும் வழிமறித்துக் கவர்ந்து செல்கின்றனர்.

பாக்மன் ஏமாற்றப்பட்டதையே பலரும் பெருந்துயராகக் காண்பர். என் கருத்து வேறு. திரைப்படத்தில் அறிஞரை வேவு பார்ப்பவன் அவர் பெற்ற மகன் ஜமால். அஞ்சி நடுங்கும் அவனைப் பாக்மன் தந்தைபோல் தழுவித் தேற்றுகிறான். அத்தழுவலே அவனைக் கட்டும் கயிறாகிறது. ஈசாவின் பெண் வழக்கறிஞரை நடுத்தெருவில் பிடித்துச் சென்று அடைத்து, மெல்ல மெல்ல இணங்க வைப்பவனும் இவனே. பிறர் நம்பிக்கையை மூலதனமாக்கி வாணிபம் செய்தவன், தன் நம்பிக்கை பறிபோனதும் கதறுகிறான். எனினும் அமெரிக்கரையும் இவனையும் ஒரே தட்டில் நிறுத்த என்னால் இயலவில்லை. தவறிய மனிதர் திரும்பி வர ஒரு வாயிலையேனும் இவன் திறந்து வைத்திருந்தான்.

திருமறையின் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம், மிகுதியான ஐயத்தையும் பிறர் மறைவைத் துருவுதலையும் விலக்குகிறது. வள்ளுவரோ ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்று அவரும் வரம்பு கட்டினார். ஊகத்தைச் சான்றென்று கொள்ளலாகாது என்பதில் இருவழியும் ஒன்றுபடுகின்றன.

இது வெறுங்கதை அன்று. ஹாம்பர்க்குக்கு அண்மையிலுள்ள பிரெமன் நகரில் பிறந்த துருக்கிய இளைஞர் முராத் குர்னாஸ், 2001-இல் பாகிஸ்தானில் பிடிக்கப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 19. குவாண்டனாமோ சிறையினின்று 2006-இல் அவர் விடுவிக்கப்பட்டபோது அவர்மீது எக்குற்றச்சாட்டும் இல்லை. இத்தகைய செய்திகளைக் கேட்டபின், அமானிதமாகப் பிறர் பொருளை ஏற்று ஏழைக்கு வழங்குவோர் கையும் சற்று நடுங்கத்தானே செய்யும்? அந்நடுக்கத்தால் பட்டினி கிடப்பவர் எந்த ஒற்றரின் குறிப்பேட்டிலும் இடம்பெறுவதில்லை.

திரைப்படத்தின் இறுதியில் பாக்மன் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். தந்தையைக் காட்டிக்கொடுத்த ஜமால் அதன்பின் எந்த முகத்தோடு வீடு திரும்பினான் என்பதைப் படம் பேசவில்லை.