கரமனைக் காற்றும் கிதார்க் கம்பியும்

வீணையும் வயலினும் ஒலித்துப் பழகிய கரமனை அக்கிரகாரத்துத் தெருக்களில் இப்பொழுது மாலை வேளைகளில் கிதாரும் கேட்கிறது என்பதைச் சங்கீதத்துக்கு நேர்ந்த ஓர் இழிவாகக் கருதி வருந்துகிற பெரியவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடு கிடையாது. மேனாட்டிலிருந்து வந்த வயலினைத் தஞ்சை வடிவேலு இந்தத் திருவனந்தபுரத்து ராஜசபையில் கர்நாடக சங்கீதத்துக்கு உகந்த வாத்தியமாக வாசித்துக் காட்டி, சுவாதித் திருநாள் மகாராஜாவின் கையால் 1834-இல் தந்தத்தாலான வயலினையே பரிசாகப் பெற்றார் என்பதை அறிந்தவர்கள், பிரசன்னா போன்றவர்கள் கீர்த்தனங்களைக் கிதாரில் வாசிக்கிற இந்தக் காலத்தில், எந்த வாத்தியத்தையும் அந்நியம் என்று ஒதுக்க மாட்டார்கள். என் மனக்குறை வேறு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய கிதார் ஒரு வருஷத்துக்குள் அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது. குழந்தைக்குச் சிரத்தை இல்லை என்று பெற்றோர் தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த வாத்தியத்தில் மாட்டியிருக்கும் ஆறு கம்பிகளை எவரும் ஒரு முறையேனும் உற்று நோக்குவதில்லை.

வீணை வாசிக்கிற வீட்டில் இந்த அசிரத்தைக்கு இடமே இல்லை. ஸாரணியும் பஞ்சமமும் உருக்குக் கம்பி, மந்தரமும் அனுமந்தரமும் சுற்றுக் கம்பி, பக்கத்தில் ஓடும் தாளத் தந்திகள் மூன்று என்று ஏழையும் பெயர் சொல்லி அறிந்து, எது எப்பொழுது நாதம் மங்குகிறது என்று காதாலேயே கண்டுபிடித்து மாற்றுகிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக அங்கே உண்டு. கிதார் வாங்கியவரோ, கடையில் மாட்டிக் கொடுத்த கம்பி அறுந்தாலொழிய வேறு கம்பியை நினைப்பதில்லை.

கம்பியின் கனத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்லுகிறார்கள். முதற்கம்பி பன்னிரண்டு என்றால் அதன் விட்டம் 0.012 அங்குலம், பதினொன்று, பத்து என்று மெல்லியவையும் உண்டு. கேட்பதற்கு இது மிக அற்பமான வித்தியாசம். ஆனால் ஒரே நீளமுள்ள கம்பியை ஒரே சுருதியில் நிறுத்துவதற்கு வேண்டிய இழுவிசை அதன் எடையைப் பொறுத்தது, எடையோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பன்னிரண்டிலிருந்து பத்துக்கு இறங்கினால் அந்தக் கம்பியின் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பன்னிரண்டில் தொடங்குகிற ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு குதிரையை இழுத்துக்கொண்டிருக்க, பத்தில் தொடங்குகிற தொகுதி சுமார் 60 கிலோவோடு நின்றுவிடும். பத்து வயதுக் குழந்தையின் விரல் நுனி, பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில், கனத்த கம்பியை மெட்டோடு சேர்த்து அழுத்தி எடுத்த பின் எப்படிச் சிவந்து, குழி விழுந்து, தொட்டாலே எரிகிறது என்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை வெறும் கணக்கென்று சொல்ல மாட்டார்கள்.

மெல்லிய கம்பிக்கு நாதம் கம்மி என்கிற ஆட்சேபணை உண்டு. அதில் உண்மையும் உண்டு. கனத்த கம்பி கிதாரின் மேற்பலகையை அதிக பலத்தோடு அதிரச் செய்கிறது. ஒலியில் கம்பீரமும் மந்தர ஸ்தாயியில் நிறைவும் தெரிகின்றன. பல வருஷம் வாசித்து விரல் உரமேறியவர்கள் பன்னிரண்டையோ பதின்மூன்றையோ விரும்பினால் அது அவர்களுடைய ருசி, நியாயமானதும்கூட. கற்கிறவருக்கு அந்த நிறைவைவிட, வலியில்லாமல் அரை மணி நேரம் கூடுதலாக வாசிக்க முடிவதே பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம். மேலும் நம் ஊர் மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உண்டு உப்பி, கம்பி மெட்டிலிருந்து உயர்ந்து, வாசிப்பது இன்னும் கடினமாகிறது. அந்த நாட்களில் மெல்லிய கம்பி விரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒருங்கே உபகாரம் செய்கிறது.

ஈரம் என்று சொன்னேன்; கரமனையில் வாழ்கிற எந்தக் கம்பிக்கும் அதுதான் முதல் சத்துரு. ஒரு பக்கம் ஆறு, சில கிலோமீட்டர் மேற்கே கடல், வருஷத்தில் இரண்டு பருவமழை, மிச்ச மாதங்களில் வேர்வை. கிதாரின் தடித்த கம்பிகள் உருக்கு நரம்பின் மேல் செம்புக் கலவைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்பட்டவை. அந்தச் சுற்றுகளின் இடுக்குகளில் விரலின் வேர்வையும் எண்ணெயும் தோல்துகளும் தங்க, உலோகம் களிம்பேறுகிறது. அப்படி ஏறிய அழுக்கு கம்பியின் எடையை ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைத்துவிடுவதால், நாதத்தின் மேற்பகுதியிலுள்ள நுண்ணிய ஸ்வரங்கள் அடங்கி ஒலி மந்தமாகிறது. பிரடையை எவ்வளவு திருகினாலும் மேல் மெட்டுகளில் சுருதி சேர்வதில்லை. சந்தேகமிருந்தால் கம்பியின் அடிப்பக்கத்தில், மெட்டுக்கு நேரே, நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சிறு பள்ளம் தட்டுப்பட்டால், விரல் நுனியில் பச்சை படிந்து உலோக வாடை வீசினால், அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்துவிட்டது.

சுற்றுக் கம்பியின் உலோகத்தைப் பொறுத்தும் குணம் மாறும். எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு துத்தநாகமும் சேர்ந்தது புதிதில் கண்ணாடிபோல் பளீரென்று ஒலித்து, சீக்கிரமே மங்கும். வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரஸும் சேர்ந்த பாஸ்பர் வெண்கலத்தை டாடாரியோ நிறுவனத்தார் 1974-இல் கிதாருக்குக் கொண்டுவந்தார்கள். அதன் ஒலி சற்றுக் கனிவானது, களிம்பேறுவதும் தாமதம். மழைக்கோட்டுத் துணியால் பெயர்பெற்ற கோர் நிறுவனத்தார் 1990-களில் எலிக்ஸர் என்ற பெயரில் கம்பியின் மேல் மெல்லிய பாலிமர் பூச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். பூச்சுள்ள கம்பி சிறிது வழுக்கும், அதன் ஒலியில் முதல் நாள் பளபளப்புச் சற்றுக் குறைவு, விலையும் சாதாரணக் கம்பியைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆயினும் வறண்ட தேசத்தில் வசிப்பவர்கள் இதைப் பற்றி எப்படித் தர்க்கித்தாலும், நம்முடைய காற்றில் பூச்சில்லாத கம்பி சில வாரங்களிலேயே இழந்துவிடும் நாதத்தை இது பல மாதம் காத்துக் கொடுக்கிறது என்பதால், நான் தயக்கமின்றி இதன் பக்கமே நிற்கிறேன்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். நைலான் கம்பிக்கென்று செய்த கிதார், சுமார் 40 கிலோ இழுவிசையை மட்டும் தாங்கும் மெல்லிய உடம்புடையது. ஒலி போதவில்லை என்று அதில் உருக்குக் கம்பியை ஏற்றினால், குதிரை பெயர்ந்து மேற்பலகையும் பாழாகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து வாத்தியத்தை உறைக்குள் வைப்பது, எந்தக் கம்பியானாலும் அதன் ஆயுளை நீட்டிக்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

நவராத்திரி தோறும் பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரஸ்வதி, கரமனை வழியாகத்தான் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போகிறாள். அந்த நாட்களில் வீணையோடு கிதாரையும் பூஜைக்கு வைக்கிற வீடுகள் இப்பொழுது இருக்கின்றன. அப்படி வைக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: விஜயதசமி அன்று பூஜை எடுத்ததும், உருக்குக் கம்பிக் கிதாராக இருந்தால், பழைய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பத்திலோ பதினொன்றிலோ தொடங்குகிற, பூச்சுள்ள பாஸ்பர் வெண்கலக் கம்பிகளை மாட்டி, சுருதி சேர்த்த பிறகு குழந்தையின் கையில் கொடுங்கள்.