சிங்க்குக்குக் கீழே ஒரு கிரைண்டர்... மீன் செதிலைப் போடலாமா?

புன்னைக்காயலில் இருக்கும் என் அத்தை வீட்டு சிங்க்குக்குக் கீழே, கேஸ் சிலிண்டரின் குட்டித் தம்பி மாதிரி ஒரு உருளை தொங்குகிறது. கப்பலில் வேலை பார்க்கும் அத்தை மகன் போன லீவில் வந்தபோது வாங்கி மாட்டிவிட்டுப் போனது. கடையில் கேட்டால் 'ஃபுட் வேஸ்ட் டிஸ்போசர்' என்பார்கள். சாப்பாட்டு மிச்சத்தை சிங்க் ஓட்டையில் தள்ளி, தண்ணீரைத் திறந்து, சுவிட்சைத் தட்டினால் அரைத்துக் குழாயில் அனுப்பிவிடும். அத்தை வைத்திருக்கும் பெயர் 'அடி கிரைண்டர்'.

மூன்றாவது வாரமே போன் வந்துவிட்டது. "ஏட்டி, நீ வீட்டுச் சாமான் பத்தியெல்லாம் எழுதுதல்லா? இந்த அடி கிரைண்டர் ம்ம்ம்னு மொனங்குது, சுத்த மாட்டேங்கு. வீடு பூரா கவிச்சி வாடை. வந்து என்னன்னு பாரு."

போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இரண்டு கிலோ சாளை ஆய்ந்திருக்கிறார்கள். செதில், குடல் மொத்தமும் உள்ளே. கூடவே சாம்பாரில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய் நார் கொஞ்சம். பாவம், மிஷின் என்ன செய்யும்?

இதற்குள் மிக்ஸி மாதிரி பிளேடு இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அடியில் ஒரு தட்டு வேகமாகச் சுற்றும். அதன்மேல் இருக்கும் இரும்புக் குமிழ்கள், விழுந்ததை ஓரத்துக்கு வீசியடிக்கும். ஓரத்தில் தேங்காய்த் துருவி போன்ற வளையம். அதில் உரசி உரசித்தான் பொடியாகிறது. அதனால் உடைகிற பொருள் அரைபடும். நார் உள்ள பொருள் சுற்றிக்கொள்ளும். வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரைத்தண்டு, வெங்காயச் சருகு, முருங்கைச் சக்கை எதுவும் இதற்கு ஆகாது. சோறு நிறையப் போட்டால் குழாயில் பசையாகிவிடும். சின்ன மீன் முள் பரவாயில்லை, உள்ளே படிந்த பிசுக்கைச் சுரண்டிக்கூட விடும்.

'ம்ம்ம்' சத்தம் வந்தால் மோட்டாருக்குக் கரன்ட் போகிறது, தட்டுதான் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் மோட்டார் சூடேறிக் கருகும். உடனே சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கையை விடக் கூடாது. அத்தை ஏற்கெனவே இரண்டு விரலை விட்டுத் துழாவியிருந்தார், அதுவும் பிளக் சொருகியிருக்கும்போது! கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இடுக்கிதான் விட வேண்டும், டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு.

பெரும்பாலான மாடல்களில் மிஷினின் அடிப்பக்கம் நடுவில் ஆறு முனை ஓட்டை ஒன்று இருக்கும். கூடவே கொடுத்த 'எல்' வடிவ ஆலன் கீயை அதில் சொருகி இப்படியும் அப்படியுமாக ஆட்டினால் தட்டு விடுபடும். சிக்கியதை இடுக்கியால் எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள சின்ன ரீசெட் பட்டனை அமுக்குங்கள். எங்களுக்கு அதிலேயே ஓடிவிட்டது. சத்தமே வராமல் செத்துக் கிடந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டனைத்தான்.

மிஷின் ஓடியும் வாடை போகவில்லை. காரணம், சிங்க் வாயில் இருக்கும் ரப்பர் மூடி. மேலே பளபளவென்று இருக்கும். மடலைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால் கறுப்பாகப் பாசி மாதிரி வழவழவென்று ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் பாத்திரம் கழுவும் லிக்விட் தொட்டு வாரம் ஒருமுறை தேய்த்தாலே பாதி நாற்றம் போய்விடும். பிறகு ஐஸ் கட்டி ஒரு கிண்ணம், கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் விட்டு ஓட்டினால் உட்சுவரில் உள்ள பிசுக்கு உரியும். கடைசியில் பிழிந்த எலுமிச்சைத் தோலைத் துண்டாக்கிப் போட்டால் வாசனை. யூடியூபில் பிரபலமான சோடா உப்பு, வினிகர் வித்தை நுரைத்துக் கொஞ்சம் அழுக்கைக் கிளப்பும், அவ்வளவே. அடைப்பு நீக்கும் ஆசிட் பவுடர் மட்டும் வேண்டாம், ரப்பரும் உலோகமும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் எந்த நாளும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அதிலிருந்து வருவது குளோரின் வாயு.

ஓட்டும்போது பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் விட்டால் சாளை நெய் உருகி உள்ளே போய், குழாயின் தூரத்து வளைவில் உறைந்து அடைத்துக்கொள்ளும். சத்தம் நின்ற பிறகும் அரை நிமிடம் தண்ணீர் ஓடட்டும். கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். அரை ஹெச்பி மோட்டாரைத் தினம் இரண்டு நிமிடம் ஓட்டினால் மாதத்துக்கு ஒரு யூனிட்டைத் தொடாது. ஈரமான இடம் என்பதால் இஎல்சிபி மாட்டிய லைனில் கொடுங்கள். கடல் காற்றுக்கு ஸ்க்ரூ சீக்கிரம் துருவேறும், மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230.

இது பிறந்ததும் அமெரிக்காவில்தான். 1927-ல் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியது. ஆனால் நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் 1997 வரை இதற்குத் தடை இருந்தது. சாக்கடைக் குழாய் தாங்குமா என்ற கவலை.

நானும் அத்தையிடம் அதைத்தான் கேட்டேன். "இந்தக் குழாய் எங்க போகுது அத்தை?" கொல்லையில் உள்ள செப்டிக் டேங்குக்கு. அது நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மணலுக்குள் இறங்கும். அதைத் தாண்டி ஒரு பக்கம் தாமிரபரணி, ஒரு பக்கம் கடல். மிஷின் எதையும் காணாமல் ஆக்குவதில்லை. பொடியாக்கி டேங்குக்குத் தள்ளுகிறது. சேறு சீக்கிரம் சேரும், லாரியை அடிக்கடி கூப்பிட வேண்டியிருக்கும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக் குடியிருப்பில் கதை வேறு. அங்கேயும் அசோசியேஷனிடம் கேட்டுவிட்டு மாட்டுவது நல்லது.

அதனால் அத்தை வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். தட்டைக் கழுவும்போது போகிற பருக்கை, காய்கறித் துணுக்கு மட்டும் மிஷினுக்கு. மீன் ஆய்வது பழையபடி கொல்லையில், அரிவாள்மனையோடு. செதிலும் குடலும் தென்னை மூட்டில், நாய் கிளறாதபடி ஒன்றரை அடி ஆழத்தில். (மிஷின் இல்லாதவர்களும் செதிலை சிங்க்கில் விடாதீர்கள். ஓட்டையில் ஜாலி போடுங்கள். அடைத்துக்கொண்டால், கீழே வாளி வைத்துவிட்டு பாட்டில் ட்ராப்பின் அடிக்கோப்பையைக் கையாலேயே திருகிக் கழற்றலாம்.)

ஒரு பங்கை மட்டும் மீன் அமிலத்துக்கு எடுத்து வைத்தோம். மீன் கழிவும் அதே எடைக்கு வெல்லமும், தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லாமல், பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி நிழலில் ஒரு மாதம். கவிச்சி போய்ப் பழ வாசனை வந்தால் தயார். லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம்.

டப்பா மேல் அத்தை தேதி எழுதி ஒட்டியிருக்கிறார். மகனுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவும் போயிருக்கிறது. "அப்ப மிஷினு எதுக்கு?" என்று கேட்டானாம்.