குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல!

அப்பாவின் பழைய ஹை-ஃபை பெட்டியில் இடப்பக்க ஸ்பீக்கர் திடீரென ஊமையாகிவிட்டது. ஜாசின் பக்கம் தோட்டத்து லயத்தை விட்டு தாமான் வீட்டுக்குக் குடிமாறியபோது, லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. கடைக்காரர், "ஸ்பீக்கர் ரோசாக் ஐயா, புதுசு வாங்கிக்குங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. துணி போட்டு மூடிவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகினேன். இப்போது இடது பாடியது, வலது ஊமையானது. ஆக, இரண்டு ஸ்பீக்கரும் நலம். கோளாறு பெட்டிக்குள்தான்! ஸ்பீக்கர் சுவிட்சை நாலைந்து முறை தட்டியதும் பாட்டு விட்டுவிட்டு வந்தது.

சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்கின்றன. பலவற்றில் வெள்ளிப் பூச்சு இருக்கும். காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளிக் கொலுசு கறுப்பதுபோல் அதுவும் கறுக்கும். நம் மலாக்காவின் ஈரக்காற்றில் சீக்கிரமே கறுக்கும். அந்தப் படலம் ஒலியைத் தடுக்கும், கரகரக்கவும் வைக்கும். வால்யூம், பாஸ், டிரெபிள் திருகுகளுக்குள் இருக்கும் கரிப் பட்டையில் தூசி படிந்தாலும் இதே கதைதான்.

மருந்து, மின்னணுச் சாதனங்களுக்கான காண்டாக்ட் கிளீனர். பிளக்கைக் கழற்றி, கொஞ்சமாகத் தெளித்து, திருகை இருபது முப்பது முறை திருப்பி, நன்றாகக் காயவிட வேண்டும். சமையல் எண்ணெய் கூடவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. இன்றும் பல பெட்டிகளில் உள்ள பாஸ், டிரெபிள் அமைப்புக்கு அடிப்படை, பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இல் வெளியிட்ட சுற்று. திருகு நடுவில் நின்றால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. பாஸை 3 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு இரு மடங்கு சக்தி வேண்டும். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு! பாஸையும் வால்யூமையும் சேர்த்து முழுதாகத் திருகினால் ஆம்பிளிஃபயர் திணறும். பெரும்பாலும் முதலில் எரிவது சின்ன டுவீட்டர்தான். வானொலியில் எங்கள் பேச்சும் கொழகொழத்துப் போகும்.

சுத்தம் செய்த அன்று மாலை அப்பா துணியை எடுத்து மடித்து வைத்தார். திருகுகளை நடுவில் நிறுத்தி, என் நிகழ்ச்சியைக் கேட்டார். "குரல் தெளிவா இருக்கு" என்றார். பெட்டியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.